மெய்யுணர்வு எவர் உடைமை?

ஒரு சொல் எவ்வளவு தாழ்ந்துவிட்டது என்று அறிய, அது தெருவில் எவ்வாறு வழங்குகின்றது என்று நோக்கினாற் போதும். 'ஞானோதயம்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்க. வாங்கிய கடனைப் பத்தாண்டு மறந்திருந்தவன் ஒருநாள் அதைப்பற்றி வாய்திறந்தால், "இப்போதுதான் ஞானோதயம் வந்ததோ?" என்று கேட்கின்றனர். தேர்தல் அண்மிய பின்னர் ஊர்ப்பக்கம் தலைகாட்டும் அரசியலாளனையும் அதே சொல்லால் எள்ளுகின்றனர். அச்சொல்லே அடுத்த தெருச் சுவரில், இத்தனை நாட் பயிற்சிக்கு இத்தனை உருபா என்னும் விலைச்சீட்டுடன், பல வண்ண விளம்பரமாய் ஒளிர்கின்றது. ஒருபால் நகைப்பு, மறுபால் விற்பனை! இவ்விரண்டற்கும் இடையே, மாந்தன் மயக்கம் நீங்கித் தன் வாழ்வின் பொருளை உணர்ந்து தெளியும் அரும்பெரு நிலைக்குத் தமிழில் என்ன பெயர் என்பதே தமிழனுக்கு மறந்து போயிற்று.

"பெயரில் என்ன இருக்கின்றது? எம்மொழியாற் சொன்னால் என்ன?" என்று கேட்பாரும் உளர். பொருளைப் பற்றிக்கொள்ளும் கைப்பிடியே சொல். கைப்பிடி பிறன் கையிலிருந்தால் ஏனமும் பிறன் கையிலேயே இருக்கும். பெயர் தன்னதன்று என்று நம்பத் தொடங்கியவன், அப்பெயர் குறிக்கும் பொருளும் தன்னதன்று என்று நம்பத் தொடங்குகின்றான். அடுத்து அதனைப் பெறுதற்கு இடைத்தரகனைத் தேடுகின்றான். தரகன் வந்தவிடத்தில் விலையும் வந்துவிடுகின்றது. தமிழன் இந்நாளில் நிற்கும் இடம் இதுவே.

சொல்லின் வேர்

வடமொழியார் 'ஞானம்' என்று வழங்கும் சொல், கிரேக்கரின் 'கினோசிசு' என்பதும் ஆங்கிலரின் 'நோ' என்பதும் பிறந்த அதே வேரிற் பிறந்தது என்று மொழிநூலார் காட்டுவர். அதன் பொருள் அறிவு என்பதே. 'உதயம்' என்பது எழுச்சி. ஆகவே ஞானோதயம் என்பது அறிவெழுச்சி, அவ்வளவுதான். மூடிய அறைக்குள் வைத்துக் காதோடு காதாய்ச் சொல்லத்தக்க மறைபொருள் எதுவும் அச்சொல்லுக்குள் இல்லை. 'முத்தி' என்பதும் அத்தகையதே. விடுபடுதல் என்பதே அதன் வேர்ப்பொருள். கெடு என்பது கேடு என்றும், படு என்பது பாடு என்றும் முதனிலை நீண்டு பெயரானாற்போல, விடு என்பது நீண்டு 'வீடு' என்றாயிற்று. தன் வீட்டுக்குள் வீடு இருக்க, முத்திக்கு வாடகை கொடுக்கின்றான் தமிழன்.

'புத்தர்' என்னும் பெயருக்கு விழித்தவர் என்பது பொருள். அவர் சுட்டிய 'நிருவாணம்' என்பதற்கு அவிதல் என்பது பொருள். அவா, வெகுளி, மயக்கம் என்னும் மூன்று தீயும் அவிந்த நிலையே அது. விழித்தல், அவிதல் என்னும் இவ்விரு கருத்துகளையும் ஆங்கிலர் தம் மொழியிற் பெயர்த்தபோது 'ஒளியேற்றம்' என்று பொருள்படும் ஒரே சொல்லைப் பெய்தனர். அச்சொல்லாலேயே, கி.பி. 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் கோயிற்கட்டுக்கும் அரசக்கட்டுக்கும் எதிராக எழுந்த பகுத்தறிவு எழுச்சியையும் குறித்தனர். செருமானிய மெய்ப்பொருளறிஞர் இம்மானுவேல் காண்டு 1784-இல் அவ்வெழுச்சிக்கு விளக்கம் வரைந்தபோது, பிறர் கைபிடித்து நடத்தாமல் தன் அறிவைத் தானே பயன்படுத்தும் துணிவு என்னும் கருத்தையே அதன் உயிராக வைத்தார். விழிப்பு ஒன்று, தீயவிதல் ஒன்று, தன்னறிவில் துணிந்து நிற்றல் ஒன்று. மூன்றும் மேலையர் வழக்கில் ஒரு சொல்லுக்குள் அடைபட்டன. நம்மவரோ அவ்வாங்கிலச் சொல்லின் நிழலைப் பிடித்து, அதற்கு வடமொழிப் போர்வை போர்த்தி, இதுவே நம் முன்னோர் கண்ட அரும்பொருள் என்று தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றனர்.

திருவள்ளுவர் இதற்கிட்ட பெயர் 'மெய்யுணர்தல்'. இச்சொல்லின் ஆழத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 'மெய்' என்பது உண்மைக்கும் பெயர், உடம்புக்கும் பெயர். உண்மையை நாடுவோன் உடம்பையும் உலகையும் பொய்யென்று உதறிவிட்டு ஓடவேண்டும் என்னும் எண்ணத்திற்கு அச்சொல்லே இடங்கொடாது. இனி, 'அறிதல்' வேறு, 'உணர்தல்' வேறு. தீச்சுடும் என்று கேட்டு அறிந்தவன் ஒருவன். விரல் பட்டுத் துடித்தவன் மற்றொருவன். பசி கொடிது என்று நூலிற் படித்து அறியலாம். அடுத்தவன் பசியைத் தன் வயிற்றில் உணர்வது அதனினும் வேறானது. அறிவு உணர்வாகப் பழுத்த நிலைக்கே மெய்யுணர்வு என்று பெயர். தெரிதல், தேர்தல், தேறல், தெளிதல், உணர்தல் என்று அறிவின் படிகளுக்கெல்லாம் தனித்தனிச் சொல் வைத்திருக்கும் மொழி, இதற்குப் போய் இரவல் வாங்கவேண்டிய வறுமை என்ன?

நூல்கள் காட்டும் வரிசை

தமிழில் மெய்யறிவு பற்றிய எண்ணமே வடக்கிருந்து வந்தது என்பார், தொல்காப்பிய மரபியலைத் திறந்து பார்ப்பாராக. வினையின் பிணிப்பினின்று நீங்கி, விளக்கமுற்ற அறிவினனாய் நின்ற ஒருவன் கண்டதே முதல்நூல் என்று ஆங்கு இலக்கணம் கூறப்பெற்றுள்ளது. நூலுக்கு இலக்கணம் கூறவந்த இடத்தில், நூல் செய்தானின் உள்ளத்திற்கும் இலக்கணம் கூறிய மொழி இது! அவன் இன்ன குலத்தினன், இன்ன மொழியினன் என்னும் வரையறை ஆங்கு இல்லை. வினை நீங்கியிருத்தலும் அறிவு விளங்கியிருத்தலுமே வேண்டப்பட்டன.

திருக்குறளில் மெய்யுணர்தல் 36-ஆம் அதிகாரம். அஃது எவ்விடத்தில் வைக்கப்பட்டுள்ளது என்பதே பெரும் பாடம். துறவறவியல் 25-ஆம் அதிகாரமாகிய அருளுடைமையில் தொடங்குகின்றது. அடுத்துப் புலால் மறுத்தல், தவம், கூடாவொழுக்கம், கள்ளாமை, வாய்மை, வெகுளாமை, இன்னா செய்யாமை, கொல்லாமை, நிலையாமை, துறவு என்று படிப்படியாய் ஏறிய பின்னரே மெய்யுணர்தல் வருகின்றது. அருள் முதற்படி, மெய்யுணர்வு பன்னிரண்டாம் படி. இடையில் நான்காம் படியில், தவவேடம் பூண்டு வஞ்சம் செய்வாரைத் தோலுரிக்கும் கூடாவொழுக்கம் காவல் நிற்கின்றது. போலித் துறவியைக் கண்டுகொள்ளாதவன் மேலே செல்ல இயலாது என்று வள்ளுவர் வரிசையாலேயே சொல்லிவிட்டார். இற்றை நாளிலோ முதற்படியும் வேண்டா, நான்காம் படியும் வேண்டா. பணங்கட்டினால் நேரே பன்னிரண்டாம் படியில் தூக்கிவைக்கின்றோம் என்கின்றனர்!

மூச்சை இழுத்து விடுவதும், புலன்களை அடக்கி அமர்ந்திருப்பதுமே மெய்யுணர்வு என்று கற்பிப்பாருக்கும் அவ்வதிகாரத்திலேயே விடை உண்டு. ஐம்புலனும் ஒருவன்வழி அடங்கி நின்றாலும், மெய்யுணர்வு இல்லையாயின் அதனாற் பயனில்லை என்பது வள்ளுவர் துணிபு. ஓகப் பயிற்சி உடம்புக்கு நன்மை தரலாம். அதனை எவரும் மறுக்கவில்லை. கருவியைக் காட்டி இதுவே பயன் என்று விற்பதுதான் ஏமாற்று. ஏரைக் காட்டி நெல்லின் விலை கேட்பவனை எந்த உழவனாவது நம்புவானா?

மற்றொன்றும் கருதத்தக்கது. பொருட்பாலில் 43-ஆம் அதிகாரமாகிய அறிவுடைமையிலும், அறத்துப்பாலில் மெய்யுணர்தலிலும் வள்ளுவர் அறிவுக்கு ஒரே முடிபான இலக்கணத்தையே வைத்தார். எவர் வாயிலாகக் கேட்டாலும், எத்தோற்றத்தோடு எதிர்ப்பட்டாலும், அதனுள் இருக்கும் உண்மையைக் கண்டுகொள்வதே அறிவு என்பது அவர் கருத்து. உலகியலுக்கு ஓர் அறிவு, உயிர்நெறிக்கு வேறோர் அறிவு என்று அவர் பிரிக்கவில்லை. "இங்கே கேள்வி கேட்காதே; நம்பு" என்று சொல்லும் இடத்தில் மெய்யுணர்வு இல்லை என்பது இதனால் பெறப்படும்.

மணிமேகலையை நோக்குவோம். அந்நூல் 30 காதைகள் உடையது. அறவண அடிகள்பால் மணிமேகலை மெய்ந்நெறி கேட்டுத் தவத்திறம் பூணுவது இறுதி இரு காதைகளில்தான். அதற்கு முன்னர் அவள் செய்தது என்ன? அமுதசுரபியைக் கையில் ஏந்திக் காணார்க்கும் கேளார்க்கும் முடவர்க்கும் பசித்தோர்க்கும் சோறளித்தாள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினாள். வறம்கூர்ந்த காஞ்சியிற் புகுந்து மக்கள் பசியைத் தணித்தாள். வஞ்சியில் பல்வேறு சமயக் கணக்கர் தத்தம் கொள்கைகளை விரித்துரைத்ததைக் கேட்டாள். கேட்டதை எல்லாம் ஏற்றாளல்லள். பசி தீர்த்த கையும், எதனையும் ஆராயும் செவியும் உடையவளுக்கே இறுதியில் மெய்ந்நெறி வாய்த்தது. புத்த நெறியைத் தமிழில் எழுத வந்தபோதும் தமிழ்ப்புலவன் சோற்றுக் கலத்தை அறிவுக்கு முன்னே வைத்தான் என்பதை மறத்தல் ஆகாது.

இருளினும் கொடியது

மெய்யுணர்வுக்குத் தடையாவது யாது என்பதில் சிவனியக் கொண்முடிபு நூலார் கண்ட உண்மை, இக்கால உளநூலாரும் வியக்கத்தக்கது. 13-ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் பன்னிரண்டே நூற்பாக்களில் அக்கொண்முடிபைச் சமைத்தார். அவர் பெயரே மெய் கண்டவர் என்பது! அவர் வழிவந்த உமாபதி சிவனார் திருவருட்பயனில் இருளையும் ஆணவத்தையும் ஒப்பிட்டுக் காட்டுகின்றார். இருள் பிற பொருள்களை மறைக்கும்; ஆயினும் தான் இருள் என்பதைக் காட்டிக்கொள்ளும். இருட்டறையில் நிற்பவன் தான் இருட்டில் நிற்பதை அறிவான், விளக்கைத் தேடுவான். ஆணவமோ பிறவற்றை மறைப்பதோடு தன்னையும் மறைத்துக்கொள்ளும். ஆணவத்தில் நிற்பவன் தான் ஆணவத்தில் நிற்பதை அறியான். ஆகவே விளக்கையும் தேடான்.

இதனினும் நுண்ணிய கருத்து வேறு எங்குளது? "யாமே உயர்ந்தோம்; எம் மொழியே இறைவன் செவிக்கு எட்டும்; எம் பிறப்பே மெய்யறிவுக்கு உரியது" என்று கூறுவோன் எந்த இருளில் நிற்கின்றான் என்பது இப்போது விளங்கும். அவன் தன் ஆணவத்தையே அறிவென்று கருதிக்கொண்டிருக்கின்றான். தில்லைவாழ் அந்தணராகிய தீட்சிதர் குடியிற் பிறந்த உமாபதி சிவனாரே அவ்விருளைக் கிழித்துக்கொண்டு வெளிவந்தவர். மறைஞான சம்பந்தரை ஆசானாகக் கொண்டு அவர் பின்சென்றதற்காகத் தம் குடியினரால் விலக்கி வைக்கப்பட்டார் என்றும், பெற்றான் சாம்பான் என்னும் தாழ்த்தப்பட்ட குடியினருக்கு மெய்ந்நெறி அருளினார் என்றும் அவர் வரலாறு வழிவழியாய்ச் சொல்லப்படுகின்றது. பிறப்பு வழியாக எவனுக்கும் இருள் உரிமையாவதில்லை, ஒளியும் உரிமையாவதில்லை. ஆதலின் இப்போர் பிறப்புயர்வு என்னும் கொள்கையோடு செய்யும் போர். எந்தக் குடிப்பிறந்தாரோடும் செய்யும் போர் அன்று.

வடலூர் சொல்லும் உண்மை

நூல்களை விட்டு நிலத்திற்கு வருவோம். 1867-இல் வள்ளலார் வடலூரில் அறச்சாலை கண்டார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் பசித்தோர்க்குச் சோறு சமைத்துக்கொண்டிருக்கின்றது. அதற்கு ஐந்தாண்டு கழித்து, 1872 தைப்பூசத்தன்று, எண்கோண வடிவில் அமைந்த அறிவவை திறக்கப்பெற்றது. முதலில் அடுப்பு; பின்னர் விளக்கு! அருளுடைமையிலிருந்து மெய்யுணர்தலுக்கு ஏறிய வள்ளுவரின் வரிசையும், அமுதசுரபியிலிருந்து மெய்ந்நெறிக்குச் சென்ற மணிமேகலையின் வரிசையும், வடலூரில் செங்கல்லும் சுண்ணமுமாய் எழுந்து நிற்றல் காண்க. வீட்டுக்குரிய திறவுகோல் உயிரிரக்கமே என்பது வள்ளலார் கொள்கை. பசித்தவன் முகத்தைக் காணாது கண்மூடி அமர்ந்திருப்பவனுக்கு எந்த ஒளியும் தோன்றாது என்பது அதன் உட்பொருள்.

அவ்வவையில் ஏழு திரைகள் உள. கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெண்மை, கலப்பு என்று நிறம் வேறுபட்டவை. தைப்பூசத்தன்று அவை ஒவ்வொன்றாய் நீக்கப்பட, ஒளி காணப்படும். பிறிதோர் இடத்திலிருந்து ஒளியைக் கொண்டுவந்து ஏற்றுவதாக அடிகள் அமைக்கவில்லை. இருக்கும் ஒளியை மறைக்கும் திரைகளை நீக்குவதாகவே அமைத்தார். ஒளி ஏற்கெனவே உயிருக்குள் இருக்கின்றது; நீக்கவேண்டியது திரை. ஆகவே ஒளியை விற்பேன் என்று வருபவன், உன்னுடைய பொருளையே உனக்கு விற்க வருகின்றான். புலாலும் கொலையும் நீத்தல் அவ்வவையினுள் புகுவார்க்கு வைத்த வரையறை. குலமும் பிறப்பும் ஆங்கு வரையறை அல்ல. 1873-இல் மேட்டுக்குப்பத்தில் ஆற்றிய பேருரையில், தாம் முன்னர்ச் சிவனியச் சமயத்தின்மேல் வைத்திருந்த பற்றையும் விட்டுவிட்டதாக அடிகள் வெளிப்படையாய்க் கூறினார். மறை, தோன்றியம், பழங்கதை என்னும் கட்டுகளில் நம்பிக்கை வையாது மேற்செல்லுமாறும் அறிவுறுத்தினார். 1874 சனவரி 30-இல் அறைக்குள் புகுந்து கதவடைத்துக்கொண்டார்.

பின்னர் நிகழ்ந்தது என்ன? படிமம் வேண்டா என்று ஒளியை மட்டும் வைத்துச் சென்ற அவ்வவைக்குள்ளேயே படிம வழிபாடு புகுத்தப்பெற்றது. அடிகள் நெறிக்கு அது முரண் என்று 2006-இல் அறநிலையத் துறை ஆணையிட்டது. 2010-இல் சென்னை உயர்முறைமன்றம் அவ்வாணையை நிலைநிறுத்தியது. திரையை நீக்கச் சொன்னவர் அவையிலேயே எட்டாம் திரை ஒன்று தொங்கவிடப்பட்டு, அதனை நீக்க வழக்குமன்றம் வரை செல்லவேண்டி இருந்தது! மெய்யுணர்வை ஒருவன் கண்டு கொடுத்துவிட்டால் போதாது. பின்வருவோர் விழித்திருந்து காக்கவும் வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

எதிர்ப்பாரும் நம்மவரும்

"வள்ளலாரே ஞானம், சன்மார்க்கம், சோதி என்று வடசொற்களைத்தாமே மிகுதியும் ஆண்டார்?" என்று எதிர்ப்பார் வினவலாம். ஆம், ஆண்டார். அவர் காலத்து வழக்கு அவ்வாறு இருந்தது. ஆயினும் வடமொழியே தாய்மொழி என்று சங்கராச்சாரியார் ஒருவர் கூறியபோது, அங்ஙனமாயின் தமிழே தந்தைமொழி என்று அடிகள் மறுமொழி தந்ததாக ஒரு செய்தி வழங்குகின்றது. தமிழ் என்னும் சொல்லுக்கே அவர் உரை கண்டவர். அவர் நிறுத்திய இடத்திலிருந்து அடுத்த அடியை மறைமலையடிகள் எடுத்துவைத்தார். 1916-இல் தம் மகளார் நீலாம்பிகையுடன் வள்ளலார் பாடலொன்றை ஓதுங்கால், 'தேகம்' என்று இருந்த இடத்தில் 'யாக்கை' என்று இருந்திருப்பின் எத்துணை நன்றாயிருக்கும் என்று அவர் எண்ணினார். தனித்தமிழ் இயக்கம் அங்கே முளைத்தது. வேதாசலம் மறைமலை ஆனார். அவர் நடத்திய 'ஞானசாகரம்' 'அறிவுக்கடல்' ஆயிற்று. வள்ளலாரை வணங்கிக்கொண்டே அவர் பாட்டின் ஒரு சொல்லைத் திருத்த விரும்பினாரே, அதுவே மெய்யுணர்வுக்கு இலக்கணம்! ஆசானிடத்து அன்பும் வேண்டும். ஆசான் சொல்லிலும் உண்மையைத் தேறுதல் வேண்டும்.

இனி, நம்மவர்க்கே ஒரு சொல். ஞானம் என்பதை மெய்யறிவு என்றும், தியானம் என்பதை ஊழ்கம் என்றும், சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கையும் சீலம், நோன்பு, செறிவு, அறிவு என்றும் பெயர்த்துவிட்டால் கடமை முடிந்தது என்று கருதுவார் நம்முள் இருக்கின்றனர். மேடையில் ஒரு பிறசொல்லும் கலவாது பேசுவார். வீட்டில் மகன் வேற்றுக் குலத்துப் பெண்ணை மணப்பேன் என்றால் வாளெடுப்பார். நாக்குத் தூய்மையாயிற்று, நெஞ்சு எந்த மொழியில் நினைக்கின்றது? சொல்லைத் துலக்கிப் பொருளை அழுக்கில் விட்டவன், ஏனத்தின் புறத்தை மட்டும் விளக்கினவன் ஆவான். அவ்வேனத்தில் எவருக்குச் சோறு படைப்பது? தனித்தமிழ் என்பது அகராதிப் பணி மட்டுமன்று; ஆணவம் நீக்கும் பணியும் ஆகும். முன்னது செய்து பின்னது செய்யாதவனைத் தமிழன்னை பாதிப் பிள்ளையாகவே கொள்வாள்.

ஆகவே, மெய்யுணர்வு தருகின்றேன் என்று எவன் வந்தாலும் தமிழர் அவனிடம் நான்கு வினாக்கள் தொடுப்பாராக. எம் மொழியில் சொல்கின்றாயா? எம்மைக் கேள்வி கேட்க விடுகின்றாயா? பிறப்பும் பணமும் பாராது எல்லார்க்கும் சொல்கின்றாயா? உன் வாயிலில் பசித்து நிற்பவனுக்குச் சோறிட்டாயா? இந்நான்கிற்கும் ஆம் என்னாதவன் எத்துணை நீண்ட தாடி வளர்த்தாலும், எத்துணைக் கைப்பேசித் திரைகளில் முகங்காட்டினாலும், அவன் பேச்சுக்குச் செவி கொடுக்க வேண்டுவதில்லை. கூடாவொழுக்கம் என்னும் அதிகாரம் அவனுக்காகவே எழுதப்பட்டது.

மெய்யுணர்வு எவர் உடைமை? அது வடமொழிக்கு உரியதன்று, மேலையர்க்கு உரியதன்று, தமிழர்க்கு மட்டுமே உரியது என்று கூறுவதும் ஆணவமே ஆகும். மாந்தர் எல்லார்க்கும் அது பொது. ஆயின் அப்பொதுப்பொருளைத் தமிழன் தன் தாய்மொழியாலேயே பற்றவேண்டும். பிறன் கொடுத்த முடவன் கோலால் அன்று. அடுப்பை மூட்டுக! திரையை நீக்குக! மெய்யை மெய்யென்றே சொல்லுக! ஒளி தன் வேலையைத் தானே செய்யும்.